மலைக்கிழவியின் இரண்டாவது வாய்

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதப் போகிறேன், அண்ணா. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அம்மாவுக்கு எழுதத் தெரியும். ஆனால் இன்றைக்கு அவருக்கு இருக்கும் கோபத்துக்குக் கை ஈடுகொடுக்காது என்று என்னை உட்கார வைத்திருக்கிறார். பேச்சில் வருவதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது மட்டும்தான் என் வேலை. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். "உங்கண்ணனுக்கு வலிக்குமேன்னு எங்கயாவது தேன் தடவுனீன்னா தாளைக் கிழிச்சுப்போடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அடைப்புக்குறி போட்டுக்கொள்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை. காலையிலிருந்து மழை. இனி பேசுவது அம்மா.

கண்ணு, நீ அனுப்பிய தாள் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாய். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மா, இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. போட்டு உடனே அனுப்பு' என்று எழுதியிருந்தாய். சும்மா வருகிற தாளுக்கு எதற்கு இரண்டு பக்கம் ஆங்கிலம் என்று உன் தங்கையைப் படிக்கச் சொன்னேன். என் முகத்தையும், என் கைகால் அசைவுகளையும், என் மேலுள்ள அடையாளங்களையும் உங்கள் கம்பெனி செய்கிற வீடியோ கேமில் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அதற்கு எனக்கு முழுச் சம்மதம் என்று இருக்கிறதாம். என்ன உருவத்துக்கு என்று அதில் இல்லை. தேடிப் பார் என்றேன். நீ வரைகிற படங்களைப் போட்டு வைக்கும் பக்கத்தைத் தேடி எடுத்தாள். எடுத்தவள் போனை என்னிடம் கொடுக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். அது நல்ல உருவம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தை மாதம் மிளகுப் பறிப்புக்கு நீ வந்திருந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாய். "என்னத்துக்குடா கண்ணு இதெல்லாம்?" என்று கேட்டேன். "வேலைக்குத்தாம்மா. நீ பாட்டுக்குப் பறி" என்றாய். மூங்கில் கணுக்களில் கால் வைக்க முளை விட்டு வெட்டிய நம் ஒற்றைக்கால் ஏணியில் மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னாய். ஏறினேன். பல்லைக் காட்டச் சொன்னாய், காட்டினேன். உன் அப்பா கீழே நின்றுகொண்டு, "கொண்டையைக் கொஞ்சம் நேரா முடி புள்ள, பெங்களூருக்குப் போற மூஞ்சி" என்று கேலி செய்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. மகன் படம் வரைந்து சம்பாதிக்கிறான், அதில் நம் முகமும் ஒரு மூலையில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு விவசாயியாக வரைவாய், ஒரு சந்தைக்காரியாக வரைவாய் என்று நினைத்தேன். எத்தனை முட்டாளாக இருந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த உருவத்துக்கு யமாஉபா என்று பெயராம். ஜப்பான் நாட்டுக் கதைகளில் வருகிற மலைக்கிழவி. வழி தவறி வருகிறவனுக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, தூங்கும்போது தின்றுவிடுவாளாம். உன் ஆட்டத்தில் மூன்றாவது மலையில் இவள் குடிசை. ஆடுகிறவன் இவளைக் கொன்றால்தான் நான்காவது மலைக்குப் போக முடியும். என் இடது புருவத்தில் இருக்கும் வெட்டு அவள் புருவத்திலும் இருக்கிறது. மேல் வரிசையில் எனக்கு இல்லாத பல் அவளுக்கும் இல்லை. காட்டு வேலைக்குச் சேலைக்கு மேல் உன் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வேனே, அதைக்கூட விடவில்லை. அந்த நாட்டு அங்கியின் தோளிலும் கையிலும் அதே சாயம் போன நீலக் கட்டம். அங்கியின் வலப்பக்கத்தை மேலே விட்டு மடித்துக் கட்டியிருக்கிறாய். பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருக்கிறாய். அந்த நாட்டில் உயிரோடிருப்பவர்கள் இடப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவார்களாம், பிணத்துக்கு மட்டும்தான் வலப்பக்கம் மேலே வருமாம். இவ்வளவு நுணுக்கம் தெரிந்த பிள்ளைக்கு, அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பது தெரியவில்லை.

உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏ புள்ள, ஜப்பான்ல உனக்குப் பேய் உத்தியோகம் வாங்கிக் குடுத்திருக்கறான் பையன்" என்றார். "சிரிக்காதீங்க" என்றேன். "ஆட்டந்தானே புள்ள. நானா இருந்தா சந்தோசமாப் போட்டுக் குடுத்திருப்பேன், ஆனா என்னைய எவன் கூப்பிடறான்?" என்றார். அவரை ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. அது வெறும் முகமாக இருந்திருந்தால் நானும் ஒரு நாள் திட்டிவிட்டு மறுநாள் கையெழுத்துப் போட்டிருப்பேன். புருவத்து வெட்டும் ஓட்டைப் பல்லும் ஊரில் யாருக்கும் இருக்கும். அடுத்துப் பார்த்ததைத்தான் என்னால் விட முடியவில்லை.

அவள் அசைகிற படம் ஒன்று போட்டிருக்கிறாய். ஏணியில் நிற்கும்போது என் இடது கை மரத்தைக் கட்டிக்கொண்டிருக்கும். வலது கை கொத்தைக் கிள்ளி, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்காமல், முதுகில் தொங்கும் சாக்குக்குள் போடும். சாக்கின் வாய் என் பிடரியை ஒட்டித் திறந்திருக்கும். கல்யாணமாகி வந்த வருடத்தில் பாதி மிளகு கீழேதான் விழும். அப்புறம் கைக்கு வழி தெரிந்துவிட்டது. இப்போது ஒரு கொத்து தவறாது. அந்தக் கையை நீ அப்படியே எடுத்திருக்கிறாய். அவள் சோற்று உருண்டையை எடுக்கிறாள், தோளுக்கு மேலாகத் திரும்பாமல் போடுகிறாள். பின்னந்தலையில் கூந்தல் தானாக விலகுகிறது. அங்கே, சாக்கின் வாய் இருந்த இடத்தில், பல்லோடு இன்னொரு வாய். அது தின்கிறது. முன்பக்கத்து வாய் மூடியிருக்கிறது, சிரித்தபடி இருக்கிறது. என் பிழைப்பை எடுத்து நீ பேயின் தீனியாக ஆக்கிவிட்டாய். அதன் கீழே முகம் தெரியாத ஒருவன், 'அந்தக் கையசைவு இருக்கே, குலை நடுங்குது, அருமை' என்று எழுதியிருக்கிறான். நீ அவனுக்குக் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறாய்.

உன் தங்கை மறுநாள் பள்ளி நூலகத்திலும் போனிலும் தேடி, அந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவந்து சொன்னாள். நீ அதைப் படித்துவிட்டுத்தான் வரைந்திருப்பாய். ஒரு ஊரில் ஒரு கஞ்சன் இருந்தானாம். வேலை எல்லாம் செய்ய வேண்டும், ஆனால் சாப்பிடக் கூடாது, அப்படி ஒரு பெண்டாட்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். அப்படியே ஒருத்தி வந்தாளாம். பகல் முழுக்க உழைத்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆனால் அரிசி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஒளிந்திருந்து பார்த்தால், தனியாக இருக்கும்போது தலைமயிரை விலக்கி உச்சந்தலையில் இருந்த வாய்க்குள் உருண்டை உருண்டையாகப் போட்டுக்கொண்டிருந்தாளாம். அவள்தான் மலைக்கிழவி. கதை இதுதானே? அப்படியானால் அந்தக் கஞ்சன் எங்கே? உன் குறிப்பில் அவளுடைய நகத்துக்கு எட்டு வரி இருக்கிறது, அங்கிக் கயிற்றின் முடிச்சுக்கு ஐந்து வரி இருக்கிறது. சாப்பிடாத பெண்டாட்டி வேண்டும் என்று கேட்டவனுக்கு ஒரு வரிகூட இல்லை. அவன் கேட்காமல் இருந்திருந்தால் அவளுக்கு எதற்கு இரண்டாவது வாய்?

இன்னொன்றும் சொன்னாள். அதே மலைக்கிழவி வேறு கதைகளில் விறகுவெட்டிகளுக்குச் சுமை தூக்கிக் கொடுப்பாளாம். மலையில் தனியாக இருந்து ஒரு பிள்ளையை வளர்த்தாளாம், அவன் பெரிய பலசாலியாகி மலையை விட்டுப் போய்ப் பேர் வாங்கினானாம். இதையும் நீ படித்திருப்பாய் அல்லவா? அந்தப் பிள்ளையையும் வரையவில்லை. தின்கிறவளை மட்டும் வைத்துக்கொண்டாய். அவளை அடக்க ஆடுகிறவன் கையில் மாசிபத்திரித் தழையைக் கொடுத்திருக்கிறாய். அந்த வாசம் பட்டால் அவள் சுருண்டுவிடுவாளாம், அதனால் அந்த ஊரில் கூரையில் அதைச் செருகி வைப்பார்களாம். நாமும் பொங்கலுக்கு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கூரையில் செருகுகிறோம். அதைச் செருகுகிறவளே நான்தான். மாசிபத்திரி நம் கிணற்றடியில் இருக்கிறது. நேற்றுகூட ஒரு கொத்துக் கிள்ளி மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

(இதைச் சொல்லும்போது அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, "சிரிச்சதை எழுதாதே" என்றார். உண்மையாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேனே என்றேன். "செரி, எழுதித் தொலை" என்றார்.)

இவ்வளவும் வெள்ளிக்கிழமை வரைக்கும் உள்ள கோபம். சனிக்கிழமை காலையில்தான் அந்தப் பூனையைப் பார்த்தேன். அதற்கு முன்பும் பார்த்திருப்பேன், கண்ணில் படவில்லை. அவளுடைய காலடியில் ஒரு சாக்கு கிடக்கிறது. சாக்கின் வாயில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைப் பூனை, வாயைச் சுற்றி மட்டும் கரி பூசியது போலக் கறுப்பு. வால் இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த நாட்டில் வயதான பூனைக்கு வால் பிளந்து பேயாகும், கொடுமை செய்தவரைத் தேடி வரும் என்று ஒரு நம்பிக்கையாம். உன் தங்கை குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் நிறுத்தினாள். 'கிழவி மறைந்து தின்றதற்கு ஒரே சாட்சி' என்று எழுதியிருந்தாய். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. அவள் அன்றைக்கு என் வயிற்றில் ஐந்து மாதம். எனக்குப் புரிந்தது. நம் வீட்டுப் பூனை கருவாயியைப் பதினேழு வருடம் கழித்து நீ என் காலடியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாய். அப்படியென்றால் நீ பார்த்திருக்கிறாய். அன்றைக்கு என் பின்னால் நின்றிருக்கிறாய்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. அன்று நம் காட்டில் பறிப்பு. ஒருவர் காட்டில் ஒருவர் மாறி மாறிப் பறித்துக்கொள்வது நம் வழக்கம். யார் காட்டில் பறிப்போ அந்த வீட்டில்தான் அன்று எல்லோருக்கும் மதியச் சோறு. சமைத்தவள் கடைசி ஆள் கை கழுவி எழுந்த பிறகுதான் தட்டை எடுக்கலாம். அந்த வருடம் மழை பொய்த்து வீட்டில் சாமை குறைவு. பதினோரு பேருக்கு ஒரு கோழியை வைத்து ஒப்பேற்ற வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஈரல் எனக்கு, ஈரல் எனக்கு" என்று சுற்றினாய். "உனக்குத்தாஞ் சாமி, வேற ஆருக்குக் குடுக்கப் போறேன்" என்று சொல்லி, எல்லோரும் போன பிறகு கொடுக்க ஈரலைக் கிண்ணத்தில் எடுத்து மூடி மேலே வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். இரண்டாம் முறை கேட்டவர்களுக்கும் போட்டேன். நன்றாகப் போட்டாய் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். திரும்பி வந்து சட்டியைப் பார்த்தால் வழித்து எடுக்கக்கூட ஒன்றும் இல்லை. முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வயிற்றில் இருந்தவள் உதைத்தாள். அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்துக்குப் போனேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அந்த ஈரலைத் தின்றேன். வெயிலுக்குப் போட்ட துண்டு தலையில் இருந்தது. பின்னால் நின்றவனுக்கு என் கை மேலே போவதும் தலை அசைவதும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அது ருசியாக இருந்தது. கிண்ணத்தை விரலால் வழித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நீ வந்து, "அம்மா, ஈரல்?" என்று கேட்டாய். "கருவாயி தின்னுபோட்டுச்சு சாமி" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு திரும்பிப் போய்விட்டாய். ஆசைப்பட்டது கிடைக்காத வருத்தம் என்று நினைத்தேன். உன் அப்பா காதில் இது விழுந்தது. அதற்கு முந்தின வாரம்தான் கருவாயி கருவாட்டைத் தூக்கியிருந்தது. "பிள்ளை வாயில இருக்கறதைப் புடுங்கித் திங்கற சனியன் இந்த ஊட்ல இருக்கக் கூடாது" என்றார். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அதைச் சாக்கில் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, மலை இறங்கி அடிவாரத்துக் காரவள்ளியில் விட்டுவிட்டு வந்தார். நான் சாக்கின் வாயைப் பிடித்துக் கொடுத்தேன். ஆமாம், கண்ணு. கட்டுவதற்கு வாகாக நான்தான் பிடித்துக் கொடுத்தேன். நீ வாசலில் பல்பத்தைக் கடித்துக்கொண்டு நின்றாய். அழக்கூட இல்லை.

(இந்த இடத்தில் அப்பா உள்ளே வந்தார். மழையில் நனைந்த துண்டைப் பிழியக் கதவோரம் வந்தவர் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் கவனிக்கவில்லை. "பூனை திங்கலையா?" என்று கேட்டார். "இல்லீங்க. நாந்தான்" என்றார் அம்மா. அப்பா துண்டை மறுபடியும் பிழிந்தார், அதில் தண்ணீர் இல்லை. "எழுவது வளைவும் சாக்குக்குள்ள கத்திக்கிட்டே வந்துச்சு. கண்டக்டருகூட எறக்கி உட்ருங்கன்னாரு. நான் கேக்கல" என்றார். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று அம்மா கேட்டார். அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரத் துண்டையே தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். "இதையும் எழுது" என்றார் அம்மா. எழுதிவிட்டேன்.)

சரி, இப்போது உன்னிடம் வருகிறேன். நான் செய்தது தப்பு. உன் பங்கைத் தின்றேன், வாயில்லாத ஜீவன் மேல் பழி போட்டேன், அதைக் கட்டவும் கை கொடுத்தேன். இதற்கு நீ என் முகத்துக்கு நேரே என்ன கேட்டிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ கேட்கவில்லையே. பத்தாவதில் நீ தோற்றதற்கு உன்னை நான் அடித்த அன்று கேட்டிருக்கலாம். காலேஜுக்கு இறங்கும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்றோமே, அப்போது கேட்டிருக்கலாம். தை மாதம் போனைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாயே, அப்போதாவது கேட்டிருக்கலாம். 'நீ பாட்டுக்குப் பறி' என்றாய். மனதில் இதை வைத்துக்கொண்டு என்னைப் பல்லைக் காட்டச் சொன்னாய். உன் தங்கை உனக்காகப் பேசுகிறாள். ஏழு வயதில் அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் வாயை மூடியிருக்கும், பாவம் என்கிறாள். இருக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு நான்தான் கடமைப்பட்டிருக்கிறேன். இருபத்திநாலு வயதுக்காரன் மேல்தான் கோபம். அம்மாவிடம் கேட்க வேண்டியதை ஊர் பேர் தெரியாதவர்களிடம் காட்டிவிட்டு, அதற்கு அம்மாவிடமே கையெழுத்துக் கேட்கிறாய். கீழே எழுதுகிறவர்களுக்கு அது வெறும் பேய். எனக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும் என்று தெரிந்தே போட்டிருக்கிறாய். சாட்சி என்று பூனையை உட்கார வைத்திருக்கிறாயே, அது ஒன்றையும் பார்க்கவில்லை. அது அப்போது அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்தது. சாட்சி நீ.

பெரிய புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று நீ நினைக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன், நான் பெற்றவள். ஒருவரை வரைய வேண்டுமென்றால், எதற்கு என்று சொல்லிவிட்டு வரை. அவர் மாட்டேன் என்றால் விட்டுவிடு. கோபம் இருந்தால் அது ஆறுவதற்குள் கேள், பதினேழு வருடம் ஊறப் போட்டால் அதற்கும் வால் இரண்டாகப் பிளந்துவிடும். நாளை உனக்கும் ஒரு குடும்பம் அமையும். அங்கே பரிமாறிக்கொண்டே நிற்கிறவர் யாராக இருந்தாலும், நீ கை கழுவ எழுவதற்கு முன் சட்டியைத் திறந்து பார். சட்டி காலியாக இருந்தால் உன் தட்டில் இருப்பதில் பாதியை நகர்த்திவை. இதை என் மகனுக்கு அப்போதே பழக்காதது என் தப்பு. மிளகு பறிக்க, ஏணி கட்ட, பாம்புக்குப் பயப்படாமல் நடக்க எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். உன்னையும் உன் அப்பாவோடு முதல் பந்தியில் உட்கார வைத்துப் பழக்கியவள் நான்தான். நீ அந்தக் கஞ்சனை வரைய மறந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

இனி உன் தாளுக்குப் பதில். நான் போடவில்லை என்றால் இந்த உருவத்தையே எடுத்துவிடுவார்கள், எட்டு மாத உழைப்பு போய்விடும், மாசியில் ஆட்டம் வெளிவரும்போது உன் பெயர் அதில் இருக்காது என்று நேற்றுப் போனில் தங்கையிடம் அழாத குறையாகச் சொன்னாயாம். போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை. முகம் இருக்கட்டும். பல்லும் இருக்கட்டும். அங்கியை மட்டும் உயிரோடிருப்பவளுக்குக் கட்டுவது போல மாற்று. கருவாயியைச் சாக்கிலிருந்து எடுத்து அடுப்படியில் தூங்கவிடு.

மற்றது ஒன்று. அந்தக் குடிசைக்குள் எப்படிப் போவது என்று உன் பக்கத்தில் எழுதியிருப்பதை உன் தங்கை எனக்குக் காட்டினாள். ஆடுகிறவன் சத்தம் போடாமல் அவளுக்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால் அவள் கொன்றுவிடுவாள், ஆட்டம் முடிந்தது. வேறு வழியே நீ வைக்கவில்லை. ஒரு வழி வை. பயப்படாமல் முன்வாசல் வழியாகப் போய், அவள் எதிரே உட்கார்ந்து, "நீ சாப்டியா?" என்று கேட்கிறவனுக்கு ஒரு வழி வை. அதை வரைந்து முடித்து, நீயே மலையேறி வந்து என்னிடம் காட்டு. அன்றைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

அப்படிக் கேட்கிறவனை அவள் என்ன செய்வாள் என்று உன் கம்பெனியில் கேட்பார்கள். என்னிடம் கேட்டுச் சொல்வதாக அவர்களிடம் சொல்லிவிடாதே. விருந்தாளிகள் கேட்டிருக்கிறார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் சமைத்துப் போட்ட வீட்டுக்குள்ளிருந்து யாரும் என்னைக் கேட்டதில்லை. அதனால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, கண்ணு.

(அம்மா இதோடு போதும் என்றார். இதை அப்படியே டைப் செய்து, உன் படங்களுக்குக் கீழே, மற்றவர்கள் எழுதும் இடத்திலேயே போடச் சொன்னார். வீட்டு விஷயம், எல்லோரும் படிப்பார்களே என்றேன். "அவன் போட்ட எடத்துலதான் நானும் போடறேன்" என்றார். உன் தாளைக் கையெழுத்து இல்லாமல் அப்படியே மடித்து உறைக்குள் வைத்திருக்கிறேன், அண்ணா. பென்சில் குறியை அம்மா அழிக்கவில்லை. மழை நின்று வெளிச்சம் வந்துவிட்டது. அம்மா எழுந்து போய் லைட்டை அணைத்துவிட்டார்.)